அரைப் பேர், முழுப் பேர்: இணைய ஆளுமைச் சோதனைகளை நிறுத்துப் பார்த்தல்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் கம்பனோ வள்ளுவனோ வருவார் என்று எதிர்பார்ப்பீர்கள். நான் பேசப்போவது கைத்தொலைபேசியில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துபோகிற ஒரு காரியத்தைப் பற்றி. "நீங்கள் எந்த வகை மனிதர்?" என்று கேட்டு, வரிசையாகச் சில வாக்கியங்களைக் காட்டி, ஒவ்வொன்றையும் ஒப்புக்கொள்கிறீர்களா மறுக்கிறீர்களா என்று தட்டச் சொல்லி, கடைசியில் நான்கு எழுத்தையும் ஒரு படத்தையும் கையில் தருகிற ஆளுமைச் சோதனை. இந்த மண்டபத்தின் பின்வரிசையில் இருக்கிற பிள்ளைகளில் பலருக்குத் தங்கள் நான்கு எழுத்து மனப்பாடம். பெற்றோருக்குப் பிள்ளையின் நட்சத்திரம் எப்படியோ அப்படி.

இது நம் மலையகத்துப் பூண்டுலோயாவுக்கு வந்த வழியும் சுவாரசியமானது. அமெரிக்காவில் பிறந்த சரக்கு, நம்மிடம் பெரும்பாலும் தென் கொரியா வழியாக வந்திருக்கிறது. அந்த நாட்டு இளைஞர்கள் அறிமுகமாகும்போதே பெயருக்கு அடுத்ததாகத் தங்கள் வகையைச் சொல்லிக்கொள்கிறார்கள். 2022 ஜனாதிபதித் தேர்தலில் வேட்பாளர்களின் வகைகூடப் பேச்சுக்கு வந்தது. இன்னின்ன வகையினர் விண்ணப்பிக்க வேண்டாம் என்று வேலை விளம்பரங்களும் வந்திருக்கின்றன. கொரியாவின் வேலை அனுமதித் திட்டத்தில் 2004இலிருந்து இலங்கையும் இருக்கிறது. அந்த மொழியைப் படிக்கும் பையன்களும் அந்த நாட்டுப் பாட்டுக் கேட்கும் பிள்ளைகளும் இதையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள்.

விளையாட்டாக இருக்கும்வரை இதில் எனக்கு ஒரு வம்பும் இல்லை. தன்னைப் பற்றி யோசிக்க ஒரு சாக்குக் கிடைப்பது நல்லதுதான். ஆனால் இந்த நான்கு எழுத்தைக் கொண்டு ஒரு பிள்ளைக்கு எந்தப் பாடத்துறை, எந்த வேலை, எந்தத் துணை என்று முடிவு செய்யத் தொடங்கினால் அங்கே ஆதாரம் கேட்கத்தான் வேண்டும். "எனக்கு அப்படியே பொருந்துகிறது, சேர்" என்பது ஆதாரமாகாது. ஏன் ஆகாது என்பதே இன்றைய என் பேச்சு.

சோதனையின் பிறப்பு ஒரு வீட்டில் நடந்தது. 1921இல் சுவிட்சர்லாந்தின் கார்ல் யுங் மனித வகைகளைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு நூல் எழுதினார். இரண்டு ஆண்டில் அது ஆங்கிலத்துக்கு வந்தபோது அமெரிக்காவில் கதரின் பிரிக்ஸ் என்ற தாய் அதை வேதம் போலப் படித்தார். அவருடைய மகள் இசபெல் மையர்ஸ், துப்பறியும் நாவல் எழுதிப் பரிசு வாங்கியவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், தொழிற்சாலைகளுக்கு முதன்முறையாக வேலைக்கு வந்த பெண்களுக்கு ஏற்ற இடம் கண்டுபிடிக்க உதவட்டும் என்று, பின்னால் மையர்ஸ்–பிரிக்ஸ் சோதனை என்று பெயர்பெற்ற ஒரு வினாக்கொத்தைத் தயாரித்தார். தாயும் மகளும் உளவியல் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். அதை ஒரு குற்றமாகச் சொல்லவில்லை. நல்ல எண்ணத்தோடு, அபாரமான உழைப்போடு செய்த வேலை அது. புறமுகமா அகமுகமா, புலனறிவா உள்ளுணர்வா, சிந்தனையா உணர்ச்சியா, தீர்மானிப்பதா கவனித்திருப்பதா என்று நான்கு இரட்டைகள். பெருக்கினால் பதினாறு பெட்டிகள். யுங்கோ, முழுக்க அகமுகமானவர் என்றோ முழுக்கப் புறமுகமானவர் என்றோ உலகில் எவரும் இல்லை என்றே கருதினார்.

இணையத்தில் நம் பிள்ளைகள் இலவசமாகச் செய்வது பெரும்பாலும் அந்த மூல வினாக்கொத்தும் அல்ல. அது காசு கொடுத்து வாங்க வேண்டியது. பிரபலமான இலவசத் தளம் அதே எழுத்துகளை வைத்துக்கொண்டு, ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்து, வேறு அடிப்படையில் கட்டிய வேறொரு சோதனையைத் தருகிறது. எழுத்து ஒன்றாக இருப்பதால் சரக்கும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம்.

சரி, நிறுத்துப் பார்ப்போம். தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் உங்களுக்கு நிறுவையைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே கொழுந்துச் சாக்கை ஒரே தராசில் இரண்டு தடவை தூக்கினால் ஒரே நிறை காட்ட வேண்டும். முதல் தடவை 19, அடுத்த தடவை 15 என்றால் மலையில் என்ன சத்தம் கேட்கும் என்று தெரியும். உளவியலில் இதைத்தான் நம்பகத்தன்மை என்கிறார்கள். அந்த மூல வினாக்கொத்தைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி உளவியலாளர் டேவிட் பிட்டஞ்சர் 1993இல் எழுதியபோது, ஐந்து வார இடைவெளியில் மறுபடி எழுதியவர்களில் பாதிப் பேர்வரை வேறு வகைக்கு மாறியிருந்ததைக் காட்டினார். ஐந்து வாரத்தில் மனிதரின் சுபாவம் மாறிவிடாது. மாறியது தராசு.

காரணம் புதிரானதல்ல, கணக்கு வாத்தியார் ஒருவர் கரும்பலகையில் காட்டிவிடலாம். ஒவ்வொரு எழுத்தும் நூற்றுக்கு 85 தடவை மாறாமல் நிற்கிறது என்று வையுங்கள். நல்ல அளவுதான். ஆனால் நான்கு எழுத்தும் ஒருசேர நிற்பதற்கு 0.85ஐ நான்கு தடவை பெருக்க வேண்டும். வருவது 0.52. அதாவது நூற்றில் 48 பேருக்கு ஏதோ ஓர் எழுத்தாவது மாறிவிடும். வகை என்பது நான்கு எழுத்தும் சேர்ந்ததுதான் என்றால், ஓர் எழுத்து மாறினாலும் வேறு படம், வேறு பட்டம், வேறு தொழில் ஆலோசனை.

அதைவிடப் பெரிய சிக்கல் வெட்டுக்கோட்டில் இருக்கிறது. ஒரு தோட்டத்தில் நாளுக்கு 18 கிலோ என்று வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். பதினேழரை கிலோ எடுத்த பெண்ணுக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். பக்கத்து நிரையில் 18 எடுத்தவளுக்கு முழுப் பேர். இரண்டு பேருக்கும் இடையே இருப்பது இரண்டு கை கொழுந்து. இந்த அநியாயத்தைப் பற்றி இங்கே எத்தனையோ வேலைநிறுத்தம் நடந்திருக்கிறது. ஆளுமைச் சோதனையும் இதையேதான் செய்கிறது. அகமுகத்தின் பக்கம் 51 வாங்கியவரும் 49 வாங்கியவரும் எதிரெதிர் வகை. 51 வாங்கியவரும் 99 வாங்கியவரும் ஒரே வகை. மனிதர்கள் இரண்டு கும்பலாகப் பிரிந்து நின்றால் நடுவில் கோடு கிழிப்பதில் நியாயம் உண்டு. அளந்து பார்த்தால் அப்படி நிற்பதில்லை. பெரும்பாலோர் நடுவில்தான் கூடி நிற்கிறார்கள், ஓரத்துக்குப் போகப் போக ஆள் குறைகிறது. ஆட்கள் மிக நெருக்கமாக நிற்கிற இடத்தில்தான் கத்தி விழுகிறது. கணக்கப்பிள்ளையாவது எத்தனை கிலோ என்று செக்ரோல் பதிவேட்டில் எழுதி வைக்கிறார்; கூடுதல் கிலோவுக்குக் காசும் உண்டு. சோதனை கிலோவை அழித்துவிட்டுப் பேரை மட்டும் கையில் கொடுக்கிறது.

இவ்வளவு ஓட்டை இருந்தும் ஏன் எல்லாருக்கும் பொருந்துகிற மாதிரி இருக்கிறது? இதற்கு விடை 1948இலேயே கிடைத்துவிட்டது. பேர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் வகுப்பு மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்தார். சில நாளில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியது என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார். எவ்வளவு சரி என்று ஐந்துக்குப் புள்ளியிடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பிறகுதான் தெரிந்தது, 39 தாளிலும் ஒரே வாசகம் என்று. பத்திரிகைக் கடையில் விற்ற சோதிடப் புத்தகத்திலிருந்து பொறுக்கி எடுத்த வரிகள் அவை: பிறர் மதிக்க வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு உண்டு, வெளியே திடமாகத் தெரிந்தாலும் உள்ளே தயக்கம் உண்டு, பயன்படுத்தாத திறமை நிறைய உண்டு என்கிற ரகம். யாருக்குத்தான் இல்லை?

பிரான்சின் மிஷேல் கோக்லன் இன்னும் ஒரு படி மேலே போனார். 1960களின் இறுதியில் இலவசச் சாதகப் பலன் தருவதாகப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, விண்ணப்பித்தவர்களுக்கு ஒரே பலனை அனுப்பினார். பதில் எழுதியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் "இது நானேதான்" என்றார்கள். அந்தச் சாதகம், பலரைக் கொன்றதற்காக 1946இல் தலை வெட்டப்பட்ட மார்சல் பெத்தியோ என்பவனுடையது.

இப்படி நாமே பொருத்திக்கொள்வதற்கு ஒரு பழைய கதை உண்டு. நமக்குப் பக்கத்திலேயே டன்சினன் தோட்டம் இருக்கிறது, நீர்வீழ்ச்சியும் இருக்கிறது. ஸ்கொட்லாந்துத் துரை எவரோ தம் நாட்டுக் குன்றின் நினைவாக வைத்த பெயராக இருக்க வேண்டும். ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தில் வருகிற குன்று அதுதான். காடு எழுந்து டன்சினன் குன்றுக்கு நடந்து வரும்வரை உனக்குத் தோல்வி இல்லை என்று அங்கே ஒரு குறி சொல்லப்படுகிறது. காடு நடக்குமா, ஆகவே எனக்குத் தோல்வியே இல்லை என்று மக்பெத் எடுத்துக்கொள்கிறான். பகைப்படை கிளைகளை வெட்டி முன்னால் பிடித்துக்கொண்டு வந்து சேர்கிறது. குறி பாதிதான் சொன்னது. தனக்கு வேண்டிய மீதியை அவனே போட்டு நிரப்பினான். சோதனை முடிவைப் படிக்கும்போது நாம் செய்வதும் அதே நிரப்பல்.

இங்கே சோதிடர்கள் யாராவது இருந்தால் கோபிக்க வேண்டாம். ஆனால் ஆபிரகாம் கோவூரைச் சொல்லாமல் இந்த இடத்தைத் தாண்ட முடியாது. கேரளத்தில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலும் தெற்கிலும் ஆசிரியராக இருந்து, கொழும்பில் வாழ்ந்து 1978இல் மறைந்த பகுத்தறிவாளர். அவர் ஒரு இலட்சம் ரூபாய் பந்தயம் வைத்தார். ஆவிகளைப் பற்றிய சவால்களைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். எனக்குப் பிடித்தது சோதிடர்களுக்கு விட்ட சவால். பெயரில்லாத பத்துச் சாதகங்களைத் தருவேன், பிறந்த நேரமும் இடமும் துல்லியமாக இருக்கும். யார் ஆண், யார் பெண், யார் உயிரோடு இருக்கிறார், யார் இறந்துவிட்டார் என்று பிரித்துக் காட்டுங்கள் என்றார். ஐந்து வீதப் பிழைகூட அனுமதித்தார். பரிசை ஒருவரும் எடுக்கவில்லை. கோவூர் சோதிடத்தைத் திட்டிக்கொண்டிருந்தார் என்றே பலரும் சொல்கிறார்கள். உண்மையில் அவர் காட்டியது ஒரு முறை: பெயரை மறை, கலந்து வை, பிறகு பொருந்துகிறதா பார். ஆளுமைச் சோதனைக்கும் அதே முறைதான் பொருந்தும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இப்போது நம் மலைக்கு வருவோம். இந்தச் சோதனைகள் கேட்கிற கேள்விகளுக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருக்கிறது. தனக்கென்று ஓர் அறை, வார இறுதி, அறிமுகமில்லாதவர்கள் கூடும் விருந்து, செய்வதா விடுவதா என்று தானே முடிவெடுக்கிற அலுவலகம். தனியாக இருந்தால்தான் உங்களுக்குத் தெம்பு திரும்புகிறதா என்று பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையில் ஆறு பேரோடு வளர்ந்த பிள்ளையைக் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? தனிமை எப்படி இருக்கும் என்று பார்த்தால்தானே அது பிடிக்குமா என்று சொல்ல முடியும். பரீட்சைக்குப் படிக்கக் கோயில் மண்டபத்துக்குப் போகிறவள், தனிமை விரும்பியா, அல்லது வீட்டில் விளக்கும் இடமும் இல்லாதவளா? சோதனைக்கு இரண்டும் ஒரே தட்டல்தான்.

வகுப்பில் வாயே திறக்காத பையன் ஒருவனை ஒவ்வோர் ஆசிரியருக்கும் தெரியும். மாசி மாதம் காமன் கூத்து வந்தால் அவனே வேடம் கட்டித் தப்புச் சத்தத்துக்கு நடுவே ஊர் முழுவதும் பார்க்க ஆடுகிறான். அவன் அகமுகமா புறமுகமா? 1968இல் வால்டர் மிஷல் என்பவர் உளவியல் உலகத்தையே இப்படி ஒரு கேள்வியால்தான் கலக்கினார். மனிதர் நடந்துகொள்வதைக் குணம் மட்டும் தீர்மானிப்பதில்லை, இடமும் தீர்மானிக்கிறது. வினாக்கொத்தில் வாங்கிய புள்ளிக்கும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நடந்துகொள்வதற்கும் உள்ள தொடர்பு நாம் நம்புவதைவிட மெலிந்தது என்று காட்டினார்.

உளவியலாளர்கள் இன்று மதிப்பது பதினாறு வகைகளை அல்ல, ஐந்து பெருங்குணங்கள் என்ற அளவீட்டை. அதில் பெட்டி கிடையாது. கிலோவை அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். அதைக் குப்பை என்று தள்ள முடியாது. குணப் புள்ளிகளுக்கும் வாழ்க்கையில் நடப்பவற்றுக்கும் இடையே முன்பு சொல்லப்பட்ட 78 தொடர்புகளை கிறிஸ்டோபர் சோட்டோ 2019இல் மறுபடி சோதித்தபோது 87 வீதமானவை திரும்பக் கிடைத்தன. ஆனால் அவர் சோதித்தது அமெரிக்கர்களை. அதே ஆண்டில் 23 வறிய, நடுத்தர வருமான நாடுகளில் 94,000க்கும் மேற்பட்டோரின் விடைகளை இன்னொரு குழு ஆராய்ந்தது. வீடு வீடாகப் போய் நேரில் கேட்ட இடங்களில் அந்த அளவீடு தடுமாறியது. ஒரே குணத்தை அளக்க வேண்டிய கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. பொலிவியாவின் காட்டோரத்தில் பயிர் செய்தும் வேட்டையாடியும் வாழும் சிமானே மக்களிடம் 2013இல் பார்த்தபோது ஐந்து குணங்கள் தென்படவேயில்லை. கூடி வாழ்வது, உழைப்பது என்ற இரண்டே புலப்பட்டன.

இந்தத் தடுமாற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று நமக்கு நன்கு பழக்கமானது. கேட்பவர் முன்னால் எதற்கும் ஆம் சொல்வது. கையில் தாளோடு, காற்சட்டை போட்டு, லயத்துக்கு வருகிறவர் யார்? தோட்ட நிர்வாகம், கிராம சேவகர், கணக்கெடுப்புக்காரர், அரசியல்காரர். "நீங்க கலகலப்பானவங்களா?" "ஆமாங்க." "அமைதியானவங்களா?" "ஆமாங்க." இதில் பொய் இல்லை. தாளில் எழுதியதால் வேலையும் வீடும் பிரஜாவுரிமையும் போவதைப் பார்த்த மலையகத் தமிழ்ச் சமூகம், எழுதுகிறவரோடு முரண்படாமல் அவரை அனுப்பி வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. அந்த ஆமாங்கவைச் சேர்த்துக் கூட்டினால் வருவது அந்தப் பெண்ணின் குணமல்ல.

கொழும்புக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் இப்போது விண்ணப்பத்தோடு இப்படியொரு சோதனைக்கான இணைப்பையும் எதிர்கொள்கிறார்கள். இது நல்லதல்ல என்று சொல்ல நான் வெளியே சாட்சி தேட வேண்டியதில்லை. மையர்ஸ்–பிரிக்ஸ் சோதனையைப் பேணுகிற அறக்கட்டளையே அதை ஆள் எடுப்பதற்குப் பயன்படுத்தக்கூடாது என்கிறது. ஆள் எடுக்கிறவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் என்றும் எண்ண வேண்டாம். 1958இல் ரோஸ் ஸ்டாக்னர், நிறுவனங்களில் ஆள் எடுக்கும் அதிகாரிகளையே சோதித்தார். அவர்கள் எல்லாருக்கும் ஒரே தாள்தான். பெரும்பாலானோர் பிரமாதம், சரியாகச் சொல்லியிருக்கிறது என்றார்கள். எது நன்றாக வேலை செய்கிறது என்றால், எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒரே ஒழுங்கில் கேட்டு, முன்னமே வகுத்த அளவில் புள்ளியிடும் நேர்முகப் பரீட்சை. 2022இல் பழைய ஆய்வுகளை மறுபடி கணக்குப் பார்த்த பால் சாக்கெட் குழுவினர் அதையே முதலிடத்தில் வைத்தார்கள். ஆளைத் தெளிவதற்குக் குறளிலும் ஓர் அதிகாரம் உண்டு, ஐம்பத்தொன்றாவது. அடுத்த அதிகாரம் அவனை வேலையில் விட்டுப் பார்ப்பது பற்றியது. வரிசையைக் கவனியுங்கள்.

விடைகள் எங்கே போகின்றன என்ற கேள்வியும் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். முகநூலில் ஏறத்தாழ 270,000 பேர் செய்த ஓர் ஆளுமை வினாவிடை, அவர்களுடைய நண்பர்கள் வழியாக 87 மில்லியன் பேர்வரையிலானோரின் தகவலைத் திரட்டியதும், அந்தத் தகவல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்துக்குப் போனதும் 2018இல் அம்பலமாயின. நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பெயரும் மின்னஞ்சலும் கேட்கிற விளையாட்டுக்கு இரண்டையும் கொடுக்காமலே விளையாடலாம்.

எனக்கு உண்மையில் பயம் தருவது வேறு. இந்த மலையில் ஒரு காலத்தில் துண்டு என்ற முறை இருந்தது. கடன் இவ்வளவு, தீர்த்தால் விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுக்கிற ஒரு சிறு தாள். அது இல்லாமல் தொழிலாளி வேறு தோட்டத்தில் சேர முடியாது. 1921இல் அதை ஒழித்தார்கள். யுங்கின் நூல் வந்ததும் அதே ஆண்டு என்பது தற்செயல். நான் அதில் பொருள் தேடவில்லை. துண்டும் சோதனையும் ஒன்று என்றும் சொல்லவில்லை. அது கொடுமை, இது பொழுதுபோக்கு. ஆனால் ஒரு மனிதர் எங்கே போகலாம் என்பதை அவர் கையில் இருக்கிற சிறு சீட்டு முடிவு செய்வதை ஏற்கனவே அனுபவித்தவர்கள், அடுத்த சீட்டைக் கொஞ்சம் சந்தேகத்தோடு வாங்குவதில் தப்பில்லை.

வகை என்பதை நம்மவர் ஒருவர் எதிர்கொண்ட விதமும் இருக்கிறது. வட்டகொடைக்குப் பக்கத்தில் மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனவர். கூலி என்றால் இப்படித்தான், சோம்பேறி, விசுவாசி, குழந்தைத்தனமானவன் என்று துரைமார் ஆளாளுக்கு எழுதி வைத்திருந்த காலம். சி.வி. 1970இல் 'பார்ன் டு லேபர்' என்று ஆங்கிலத்திலேயே ஒரு நூல் எழுதினார், தோட்டத்து மனிதர்களின் சித்திரங்கள். துரைமாரின் வகைப்பாட்டுக்கு மறுப்பு என்று அவர் வாதம் எதுவும் எழுதிக்கொண்டிருக்கவில்லை. ஆளைக் கூர்ந்து பார்த்து எழுதினார். தம் மாணவரைப் பற்றி நற்சான்றிதழ் எழுதும் ஆசிரியர்கள் அந்த நூலை ஒரு தடவை புரட்டலாம். "ஒழுக்கமும் பணிவும் மிக்கவர்" என்ற ஒரே வரியை எல்லாருக்கும் எழுதித் தருகிறோமே, ஃபோரரின் தாளுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கோவூர் முறைக்கு வருகிறேன் என்றேன். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இதைப் பாடசாலையிலேயே செய்து பார்க்கலாம். இருபது பேர் ஒரே தளத்தில் சோதனையைச் செய்யுங்கள். வரும் விளக்கத்தை, எழுத்தும் படமும் பட்டப்பெயரும் நீக்கித் தாளில் எடுங்கள். உங்கள் தாளை நீங்களே அடையாளம் காண்பதில் பெருமை இல்லை. கூட்டம் பிடிக்கும் என்று தட்டினீர்கள், உங்களுக்குக் கூட்டம் பிடிக்கும் என்று அது திருப்பிச் சொன்னது. அதனால் உங்களை நன்றாக அறிந்த தோழியிடம் உங்கள் தாளையும் வேறு நான்கு தாள்களையும் கலந்து கொடுங்கள். எது உங்களுடையது என்று அவள் சொல்லட்டும். அவள் வகுப்பில் உங்கள் எழுத்துகளை முன்பே கேட்டிருக்கக் கூடாது. இருபது பேரில் நான்கு பேருக்குக் குருட்டாம்போக்கிலேயே சரியாக அமையும். ஐந்து, ஆறு வந்தாலும் அதிசயமில்லை. எட்டுக்கு மேல் போனால் அந்தத் தளத்தில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று நானே ஒப்புக்கொள்வேன். ஐந்து வாரம் கழித்து இன்னொரு தடவை செய்து, எத்தனை பேருக்கு எழுத்து மாறியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பாடசாலைச் சஞ்சிகையில் போடுங்கள், எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.